இரவல் ஓவியமும் உள்ளூர் மக்களும்

ஒரு கலை அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் பொருள்கள் இரண்டு வழிகளில் அங்கே வந்து சேர்ந்திருக்கும். அந்த நிறுவனம் விலைக்கு வாங்கியோ நன்கொடையாகப் பெற்றோ சொந்தமாக வைத்திருப்பவை ஒரு வகை. இவற்றை நிரந்தரத் தொகுப்பு என்பார்கள். வேறொரு நிறுவனத்திடமிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு இரவலாக வந்திருப்பவை மற்றொரு வகை. இப்படி இரவலாகப் புறப்பட்டு, ஓர் ஊரில் சில மாதங்கள் தங்கி, பிறகு அடுத்த ஊருக்குப் போகும் தொகுப்புக்குப் பயணக் கண்காட்சி என்று பெயர். அதில் நூறு பொருள்கள் இருக்கலாம். ஒரே ஓர் ஓவியமும் இருக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. எந்தப் பொருள்களை எடுப்பது, எந்த வரிசையில் வைப்பது, அவற்றைப் பற்றி என்ன சொல்வது என்பதையெல்லாம் பெரும்பாலும் பொருளுக்கு உரிய நிறுவனத்தின் காப்பாட்சியர்களே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறார்கள். கண்காட்சி போய்ச் சேரும் ஊர்கள் ஒவ்வொன்றையும் அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. வரவேற்கும் அருங்காட்சியகத்துக்கோ அந்த ஊரைத் தெரியும். வந்திருக்கும் பொருள்தான் புதிது. இந்த இரண்டையும் இணைப்பதே உள்ளூர் அருங்காட்சியகத்தின் வேலை. சுவரொட்டி ஒட்டி, நாளிதழில் விளம்பரம் கொடுத்து, பள்ளிகளுக்கு அழைப்பு அனுப்பினால் கூட்டம் வரக்கூடும். ஆனால் கூட்டம் வருவது வேறு, ஊர்க்காரர்களுக்கு அந்தப் பொருள் சொந்தமாவது வேறு. இரண்டாவது எப்படி நடக்கிறது என்பதைச் சில உண்மையான எடுத்துக்காட்டுகளைக் கொண்டு பார்ப்பதுதான் தெளிவாக இருக்கும்.

லண்டனிலுள்ள தேசிய ஓவியக் கூடமான நேஷனல் கேலரி தொடங்கப்பட்ட ஆண்டு 1824. தன் 200-ஆவது ஆண்டை ஒட்டி, 2024 மே மாதத்தில், அது தன்னிடமுள்ள மிகப் புகழ்பெற்ற 12 ஓவியங்களைப் பிரிட்டன் முழுவதுமுள்ள 12 அருங்காட்சியகங்களுக்கு அனுப்பி வைத்தது. மோனேயின் அல்லிக்குளம் யார்க் நகருக்கும், வெர்மீரின் ஓவியம் எடின்பரோவுக்கும், கரவாஜியோவின் ஓவியம் பெல்ஃபாஸ்டுக்கும் போயின. நாட்டு மக்களில் பாதிப்பேருக்கு மேல், ஒரு மணி நேரப் பயணத்தில் இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பார்த்துவிட முடியும் என்பது திட்டத்தின் கணக்கு. இவற்றுள் ஆங்கிலேய ஓவியர் டர்னர் வரைந்த ‘போரிடும் டெமரேர்’ இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகரின் லெயிங் ஆர்ட் கேலரிக்குச் சென்றது. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இந்த ஓவியத்தைப் பற்றித்தான்.

டெமரேர் 98 பீரங்கிகளைத் தாங்கிய போர்க்கப்பல். 1805-இல் நடந்த ட்ரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலுக்கு அருகில் நின்று போரிட்டுப் பெயர்பெற்றது. அந்தக் கப்பலை 1838 செப்டம்பரில் தேம்ஸ் நதி வழியாக ரோதர்ஹித் என்னும் இடத்துக்கு இழுத்துச் சென்று பலகை பலகையாகப் பிரித்து விற்றார்கள். அந்தக் கடைசிப் பயணத்தைத்தான் டர்னர் வரைந்து, 1839-இல் காட்சிக்கு வைத்தார். ஓவியத்தில் பழைய பாய்மரக் கப்பல் வெளிறிய பொன்னிறத்தில் ஏறக்குறைய ஆவியைப் போல நிற்கிறது. அதற்கு முன்னால் கரிய நிறமுடைய சிறிய நீராவி இழுவைப்படகு, புகைபோக்கியிலிருந்து நெருப்பும் புகையும் கக்கியபடி அதை இழுத்துச் செல்கிறது. வலப்பக்கம் சூரியன் மறைகிறது. பிரிட்டனின் 20 பவுண்டு நோட்டில் டர்னரின் முகத்துக்குப் பின்னால் இந்த ஓவியம் அச்சிடப்பட்டிருப்பதால், ஓவியக் கூடத்தின் பக்கமே போகாதவர்களின் சட்டைப்பையிலும் இது இருக்கிறது.

லண்டனில் இந்த ஓவியத்தின் முன் நிற்பவர் வழக்கமாகக் கப்பலைத்தான் பார்க்கிறார். வீரம் செறிந்த ஒரு காலம் முடிகிறது, அழகில்லாத ஓர் இயந்திரக் காலம் அதை இழுத்துப் போகிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த விளக்கத்தில் இழுவைப்படகு ஏறத்தாழ வில்லன். நியூகாசிலில் இதே ஓவியத்துக்கு வேறொரு நுழைவாயில் கிடைத்தது. டெமரேரை உண்மையில் இழுத்துச் சென்றவை இரண்டு நீராவிப் படகுகள். அவை நியூகாசில் வழியாக ஓடும் டைன் நதிக்கரையில் கட்டப்பட்டவை. நிலக்கரி ஏற்றிய பாய்மரக் கப்பல்களை ஆற்றிலிருந்து கடலுக்கு இழுத்துவிடவேண்டிய தேவை இருந்ததால், இழுவைப்படகு கட்டும் தொழில் அந்தக் கரையில் முன்பே வளர்ந்திருந்தது. ஆகவே லண்டன்காரருக்கு அந்நியமாகத் தெரியும் அந்தக் கரிய படகு நியூகாசில்காரருக்குத் தன் ஊர்ச் சரக்கு. ஓவியத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பார்ப்பவர் நிற்கும் ஊர் மட்டும் மாறியிருக்கிறது, அதனால் கண் வேறொரு மூலைக்குப் போகிறது.

லெயிங் கேலரியின் காப்பாட்சியர்கள் இந்த ஒற்றை இழையைப் பிடித்துக்கொண்டு, தொழில், கலை, கடந்த காலத்தின் மீதான ஏக்கம் ஆகிய மூன்றையும் பொருளாகக் கொண்ட ஒரு தனிக் கண்காட்சியையே டெமரேரைச் சுற்றி அமைத்தார்கள். அதில் டர்னரின் பிற ஓவியங்களோடு, வடகிழக்கு இங்கிலாந்தின் தொழில் வாழ்க்கையைக் காட்டும் இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகளும் இடம்பெற்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. பாய்மரக் கப்பலை ஓரங்கட்டிய நீராவித் தொழில், பின்னாளில் டைன் கரையிலும் தேய்ந்துபோனது. ஒரு காலத்தில் மௌரிட்டேனியா போன்ற மாபெரும் பயணிகள் கப்பலைக் கட்டிய அந்தக் கரையில், 2000-களின் நடுப்பகுதிக்குப் பிறகு கப்பல் கட்டும் தளங்கள் ஓய்ந்துவிட்டன. தாத்தாவோ தந்தையோ கப்பல் தளத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் இன்றும் அந்நகரில் ஏராளம். டெமரேரின் இறுதிப் பயணத்தை அவர்கள் பார்க்கும்போது, 1838-இல் முடிந்த கதையும் தங்கள் வீட்டில் முடிந்த கதையும் அருகருகே வந்து நிற்கின்றன. வேறு எந்த நகரத்துக் காப்பாட்சியரும் இந்தக் கண்காட்சியை இப்படிச் செய்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இதிலிருந்து இந்தத் துறையின் முதல் பாடத்தைக் கற்றுக்கொள்ளலாம். ‘இந்த ஓவியம் ஏன் பெருமை வாய்ந்தது?’ என்ற கேள்விக்கான விடை எல்லா ஊரிலும் ஒன்றாகவே இருக்கும். ‘இந்த ஓவியத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு?’ என்ற கேள்விக்கான விடையை அந்தந்த ஊரில்தான் தேட முடியும். சில நேரங்களில் அந்த உறவு இழுவைப்படகைப் போல வரலாற்றிலேயே கிடைத்துவிடும். கிடைக்காதபோது வேறு வழிகள் இருக்கின்றன.

அவற்றில் எளிமையானது, விருந்தாளிப் பொருளுக்குப் பக்கத்தில் ஊர்ப் பொருள் ஒன்றை வைப்பது. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியம் உலக வரலாற்றை 100 பொருள்களின் வழியாகச் சொல்லும் கண்காட்சி ஒன்றை 2014-இல் அபுதாபியில் தொடங்கிப் பல நாடுகளுக்கு அனுப்பியது. நூறையும் லண்டனே தேர்ந்தெடுத்திருந்தாலும், 101-ஆவது பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வரவேற்கும் அருங்காட்சியகத்துக்குத் தரப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் அந்த இடத்தைப் பிடித்தது, இன்றைய வைஃபை தொழில்நுட்பத்துக்கு வழிவகுத்த ஆய்வில் அந்நாட்டு அறிவியல் நிறுவனம் உருவாக்கிய சோதனைக் கருவி. நூறோடு ஒன்றைச் சேர்ப்பது பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஆனால் எதைச் சேர்ப்பது என்று ஓர் ஊர் உட்கார்ந்து வாதிடத் தொடங்கிவிட்டால், மற்ற நூறையும் அது கவனித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1994 முதல் நடத்தும் ‘மியூசியம் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ திட்டம் இதே கருத்தை இன்னும் முன்னே கொண்டுபோகிறது. அது அருங்காட்சியகமே இல்லாத, அல்லது மிகச் சிறிய ஒன்று மட்டுமே உள்ள சிற்றூர்களுக்கான திட்டம். நூலகத்திலோ ஊர்ப் பொது மண்டபத்திலோ பொருத்திக்கொள்ளக்கூடிய காட்சிப் பலகைகள் பெட்டிகளில் வந்து இறங்கும். தண்ணீர், வேலை, கிராமங்களின் மாற்றம் போன்ற பொதுவான பொருள்களில் அவை அமைந்திருக்கும். அவற்றோடு சேர்த்து அந்த ஊர் தன் சொந்தக் கண்காட்சியையும் நிகழ்ச்சிகளையும் உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே திட்டத்தின் அடிப்படை. பலகை அடுத்த ஊருக்குப் போனபிறகும், அதை முன்னிட்டு ஊரார் திரட்டிய பழைய புகைப்படங்களும் முதியவர்களின் நேர்காணல்களும் ஊரிலேயே தங்கிவிடும்.

இன்னொரு வழி, மக்களை அருங்காட்சியகத்துக்கு அழைப்பதற்குப் பதிலாக ஓவியத்தை மக்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோவது. 2018-இல் நேஷனல் கேலரி 36 லட்சம் பவுண்டு கொடுத்து, பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கியின் தன்னுருவ ஓவியம் ஒன்றை வாங்கியது. தன்னையே புனித கேத்தரினாக, கூர்முனைகள் பதித்த சித்திரவதைச் சக்கரத்தின் மீது கைவைத்து நிற்பவராக, அவர் அதில் வரைந்திருக்கிறார். இளம் வயதில் ஆர்ட்டெமிசியா மற்றோர் ஓவியரால் வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். 1612-இல் ரோமில் நடந்த விசாரணையில், அவர் சொல்வது உண்மையா என்று சோதிப்பதற்காக, அவருடைய விரல்களைக் கயிற்றால் இறுக்கித்தான் சாட்சியம் பெற்றார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு வரையப்பட்ட ஓவியம் இது.

இதைச் சுவரில் மாட்டிவிட்டுப் பார்வையாளர் வருவார் என்று காத்திருக்காமல், 2019-இல் கேலரி இதை எடுத்துக்கொண்டு கிளம்பியது. முதலில் கிளாஸ்கோவிலுள்ள பெண்கள் நூலகத்துக்குப் போனது. பிறகு யார்க்‌ஷையரில் பாக்ளிங்டன் என்னும் சிற்றூரின் பொது மருத்துவர் நிலையம், நியூகாசிலில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி, சர்ரேயிலுள்ள சென்ட் பெண்கள் சிறை, லண்டன் வால்தம்ஸ்டோ பகுதியில் ஒரு சிறிய கலைக்கூடம் என்று அதன் பயணம் அமைந்தது. ஓவியம் ஒவ்வொரு பக்கமும் முக்கால் மீட்டருக்கும் குறைவாக, ஏறக்குறையச் சதுரமாக இருக்கும் என்பதும் இந்தப் பயணத்துக்கு உதவியிருக்க வேண்டும். மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பவர் கலையைத் தேடி வந்தவர் அல்லர். அவர் கண்முன்னே நானூறு ஆண்டு பழைய ஓவியம் ஒன்று திடீரென நிற்கிறது. சிறையிலிருக்கும் பெண்களுக்கோ, நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிக்கப்பட்ட ஒரு பெண் தன்னைத் தானே எப்படி வரைந்துகொண்டார் என்பது ஏட்டு வரலாறாக மட்டும் இருக்காது. இடங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஓவியத்தின் பொருளை நன்றாக உள்வாங்கித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வேறோர் ஓவியத்தை, உதாரணமாக ஒரு பூங்கொத்து ஓவியத்தை, இதே ஐந்து இடங்களுக்கு அனுப்பியிருந்தால் அது நல்லெண்ண விளம்பரமாக முடிந்திருக்கும்.

இந்த இடத்தில், படிப்பவருக்கு எழக்கூடிய நியாயமான ஐயம் ஒன்றுக்கு விடை சொல்லியாக வேண்டும். இவ்வளவு நல்லது என்றால் எல்லா அருங்காட்சியகங்களும் ஏன் இதை எப்போதும் செய்வதில்லை? கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குபவருக்கு இருக்கும் பதற்றம், ஓவியத்தை இரவல் வாங்கும் அருங்காட்சியகத்துக்கு ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. கேட்கும் நிறுவனம் முதலில் தன் கட்டடத்தைப் பற்றிய முழு விவர அறிக்கையைத் தரவேண்டும். அதில் காவல் ஏற்பாடு, தீத்தடுப்பு, கதவுகளின் அகலம், சரக்கு இறக்கும் இடம், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் முறை என எல்லாமும் இருக்கும். ஓவியங்களைப் போன்ற பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும், அவையும் சட்டென்று ஏறி இறங்காமல், இருக்கவேண்டும் என்பது இப்போது பல பெரிய அருங்காட்சியகங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் அளவு. தாளில் வரைந்தவற்றுக்கு வெளிச்சம் 50 லக்ஸ் அளவுக்குள் அடங்கவேண்டும். ஓவியம் வந்து சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்கமாட்டார்கள்; அறையின் தட்பவெப்பத்துக்கு அது பழகும்வரை வழக்கமாக ஒருநாள் அப்படியே வைத்திருப்பார்கள். பிறகு பெட்டியைத் திறந்து, ஓர் அங்குலம் விடாமல் பார்த்து, இருக்கும் கீறல், வெடிப்பு ஒவ்வொன்றையும் நிலை அறிக்கையில் குறித்துக்கொள்வார்கள். திரும்பப் போகும்போது அதே அறிக்கையை வைத்துக்கொண்டு மறுபடியும் ஒப்பிடுவார்கள்.

காப்பீட்டுக்கு ஆகும் செலவு சிறிய அருங்காட்சியகங்களின் சக்திக்கு மீறியது. பிரிட்டனில் 1980 முதல் அரசே இந்தப் பொறுப்பை ஏற்கும் ஏற்பாடு ஒன்று இருப்பதால்தான் டெமரேர் போன்றவை ஊர் ஊராகப் போகமுடிகிறது. போக்குவரத்து, காவல் போன்ற செலவுகளுக்கு அறக்கட்டளை நிதியும் ஓரளவு கிடைக்கிறது. ஆனாலும் பணமும் ஊழியர் நேரமும் பெட்டிக்கும் பூட்டுக்குமே போய்விட்டால், ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது. பல பயணக் கண்காட்சிகள் ஊரோடு ஒட்டாமல் போவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன். அக்கறையின்மை என்று சொல்வது பெரும்பாலான நேரங்களில் அநியாயம். இத்தகைய இரவல் ஏற்பாடுகள் முடிவாவதற்கு ஓராண்டு, ஈராண்டு ஆவது இயல்பு. அந்தக் காத்திருப்புக் காலத்தையே ஊராருடன் பேசுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளும் அருங்காட்சியகம் முன்னால் போய்விடுகிறது. திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆசிரியர்களையும் சங்கங்களையும் கூப்பிட்டால், அவர்கள் செய்யக்கூடியது வந்து பார்ப்பது ஒன்றுதான். விளக்க அட்டைகள் எழுதப்படுவதற்கு முன்பே கூப்பிட்டால், அந்த அட்டையில் என்ன இருக்கவேண்டும் என்றும் அவர்களால் சொல்லமுடியும்.

ஒரே கண்காட்சி ஊருக்கு ஊர் எப்படி வேறுபடுகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க ஏற்றது, அமெரிக்காவில் 2021 முதல் 2022 வரை நடந்த ஒபாமா ஓவியங்களின் பயணம். வாஷிங்டனிலுள்ள தேசிய உருவப்பட அருங்காட்சியகத்துக்காக பராக் ஒபாமாவை கெஹிண்டே வைலியும், மிஷெல் ஒபாமாவை ஏமி ஷெரால்டும் வரைந்த ஓவியங்கள் 2018 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டன. பார்வையாளர் கூட்டம் அலைமோதிய அந்த இரு ஓவியங்களையும் ஐந்து நகரங்களுக்கு அனுப்ப முதலில் திட்டமிட்டு, பின்னர் சான் பிரான்சிஸ்கோ, பாஸ்டன் ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சிகாகோவுக்கு எந்தச் சிரமமும் இல்லை. மிஷெல் பிறந்து வளர்ந்த ஊர் அது. இருவரும் முதன்முதலில் ஒன்றாக வெளியே சென்றபோது போன இடங்களில், ஓவியங்கள் வந்து இறங்கிய அதே ஆர்ட் இன்ஸ்டிடியூட்டும் ஒன்று. போதாததற்கு, பராக்கின் பின்னாலுள்ள பச்சை இலைச் சுவரில் வைலி சில பூக்களை வேண்டுமென்றே வைத்திருக்கிறார். பிறந்த ஹவாய்க்கு மல்லிகை, தந்தையின் கென்யாவுக்கு ஆப்பிரிக்க நீல அல்லி, சிகாகோவுக்கு அந்நகரின் அதிகாரபூர்வப் பூவான சாமந்தி. சிகாகோவில் சாமந்தியைக் காட்டிப் பேச்சைத் தொடங்கலாம். அட்லாண்டாவின் ஹை மியூசியத்தில் பேச்சு இயல்பாக ஷெரால்டின் பக்கம் திரும்பும். அவர் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, அட்லாண்டாவில் படித்தவர். மிஷெல் அணிந்திருக்கும் நீண்ட உடையிலுள்ள கோடுகளும் கட்டங்களும், அண்டை மாநிலமான அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் துணித்துண்டுகளை ஒட்டித் தைத்த போர்வைகளை நினைவூட்டுகின்றன என்று ஷெரால்டே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட போர்வைகள் ஹை மியூசியத்தின் சொந்தத் தொகுப்பிலேயே இருக்கின்றன.

பாஸ்டனில் உறவைத் தேடவில்லை, உண்டாக்கினார்கள். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் தலைவராகக் கருதும் ஒருவரை வரைந்து அனுப்புங்கள் என்று அந்நகரின் நுண்கலை அருங்காட்சியகம் மக்களைக் கேட்டுக்கொண்டது. சிறுவர், பெரியவர் என்று வேறுபாடில்லாமல் வந்த படங்களை ஒபாமா ஓவியங்களோடு சேர்த்தே காட்சிக்கு வைத்தது. அனுப்பியவர் தன் படம் தொங்கும் சுவரைத் தேடிக்கொண்டு குடும்பத்தோடு வருவார், வந்தவர் ஒபாமாவையும் பார்ப்பார் என்று இதை ஒரு தந்திரமாகவும் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உருவப்படம் என்றால் என்ன, யாரை வரைவது, எந்த உடையில், எந்தப் பின்னணியில் என்ற கேள்விகளை ஒருமுறையாவது கையில் பென்சிலோடு எதிர்கொண்டவர், வைலியின் இலைச்சுவரைப் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.

லாஸ் ஏஞ்சலிஸ் வைலி பிறந்த ஊர். அங்கே லாக்மா என்றழைக்கப்படும் அருங்காட்சியகம், விருந்தாளிகளாக வந்த இரண்டு ஓவியங்களுக்குத் துணையாகக் கறுப்பின அமெரிக்கர்களின் உருவப்படங்களைக் கொண்ட ஒரு பெரிய கண்காட்சியை 2021 நவம்பரில் தானே உருவாக்கியது. கறுப்பின அமெரிக்கக் கலையின் இரண்டு நூற்றாண்டுகளைக் காட்டி அதே அருங்காட்சியகம் 1976-இல் நடத்திய புகழ்பெற்ற கண்காட்சியின் தொடர்ச்சியாகவும் அதை அமைத்தார்கள். படைப்புகளில் பெரும்பகுதி லாக்மாவின் சொந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை. ஒபாமா ஓவியங்கள் 2022 ஜனவரியில் அட்லாண்டாவுக்குப் புறப்பட்டுப் போனபின்பும் அந்தக் கண்காட்சி ஏப்ரல் வரை தொடர்ந்து நடந்தது. பிறகு, 2023-இல், அதுவும் பெட்டிகளில் ஏறி முதலில் அட்லாண்டாவிலுள்ள ஸ்பெல்மன் கல்லூரி அருங்காட்சியகத்துக்கும், அடுத்து மெம்ஃபிஸ் நகருக்கும் பயணக் கண்காட்சியாகப் போனது. வெளியூரிலிருந்து வந்த ஒன்றுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கொடுத்த விடையை, தங்கள் ஊருக்கு எப்படிப் பொருத்துவது என்ற வேலை அந்த இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் முதலிலிருந்து தொடங்கியது.